யார்க் நகரின் வறுமைக் கணக்கு

இங்கிலாந்தின் வடபகுதியில், ஊஸ் என்னும் ஆற்றின் கரையில் யார்க் நகரம் அமைந்துள்ளது. உரோமானியர் காலத்தில் தோன்றிய பழம்பதி அது. நகரைச் சூழ்ந்து இடைக்காலத்து மதில்கள் நிற்கின்றன. நடுவே, தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தோன்றும் கோபுரங்களுடன் பெரிய தேவாலயம் ஒன்று ஓங்கி நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரம் புகைவண்டிப் பாதைகள் பல கூடும் இடமாகவும், கொக்கோவும் சாக்லேட்டும் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்றதாகவும் விளங்கியது. வெளியூரிலிருந்து வந்த பயணிகள் மதிலையும் கோபுரத்தையும் கண்டு வியந்து திரும்பினர். மதிலை அடுத்திருந்த குறுகிய சந்துகளில் அவர்கள் நுழைந்ததில்லை. நுழைந்திருப்பின், காற்றும் ஒளியும் புகாத வீடுகளையும், பல குடும்பங்களுக்குப் பொதுவாக அமைந்த ஒரே தண்ணீர்க் குழாயையும் கண்டிருப்பர்.

அக்காலத்து இங்கிலாந்து செல்வ வளம் மிக்க நாடு. உலகின் பல பகுதிகளிலிருந்தும் பொருள்கள் அதன் துறைமுகங்களில் வந்து குவிந்தன. இத்தகைய நாட்டில் ஒருவர் வறியவராக இருப்பது ஏன் என்று கேட்டால், பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் விடை கூறினர். சோம்பல் ஒன்று, குடி ஒன்று, சிக்கனம் இன்மை மற்றொன்று. ஆதலின் வறுமை என்பது வறியவரின் குற்றமே என்பது பொதுவான முடிபாக இருந்தது. 1834ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டமும் இந்த எண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டது. உதவி வேண்டி வந்தவரை அரசு பெரும்பாலும் ஏழையர் விடுதிக்கு அனுப்பியது. அங்கே கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர்; பிள்ளைகள் வேறிடத்தில் வைக்கப்பட்டனர். உணவும் உடையும் வெறுக்கத்தக்கனவாக இருந்தால்தான் மக்கள் உழைத்துப் பிழைக்க முற்படுவர் என்று சட்டம் செய்தோர் கருதினர். வறியவர் சோம்பேறிகள்தாமா என்பதை வீடு வீடாகச் சென்று பார்த்தறிந்தவர் அவர்களுள் எவரும் இலர்.

அவ்வாறு பார்க்கும் பணியைப் பெரிய அளவில் தொடங்கியவர் சார்லஸ் பூத் என்பவர். லிவர்ப்பூல் நகரில் பிறந்த இவர் கப்பல் வாணிகம் செய்து பொருள் ஈட்டியவர். வாணிகக் கணக்கில் ஒரு பென்னியும் விடாமல் எழுதிப் பழகிய அவர், இலண்டன் மாநகரின் வாழ்வையும் அவ்வாறே கணக்கெடுக்க விரும்பினார். 1886ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனரா என்று வீடுதோறும் சென்று விசாரிக்கும் அலுவலர்கள் அந்நாளில் இருந்தனர். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எவர் என்ன தொழில் செய்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பூத்தும் அவருடைய உதவியாளர்களும் அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டனர். பின்னர் இலண்டனின் வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வண்ணம் தீட்டினர். செல்வர் தெருவுக்கு மஞ்சள். வறியவர் தெருவுக்கு நீலம். மிகக் கீழான நிலையில் இருந்த தெருவுக்குக் கறுப்பு. பதினேழு தொகுதிகளாக விரிந்த அவ்வாராய்ச்சி, இலண்டன் மக்களுள் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் உழன்றனர் என்று காட்டியது.

இது படித்தோர் பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆயினும் அவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. இலண்டன் ஒரு பெருங்கடல். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அங்கே குவிகின்றனர். பிற ஊர்களில் நிலைமை இவ்வளவு மோசமாக இராது என்பதே அது. அவ்வெண்ணம் சரியா என்று அறிய விரும்பினார் யார்க் நகரத்து இளைஞர் ஒருவர். அவர் பெயர் சீபோம் ரவுண்ட்ரீ.

ரவுண்ட்ரீ 1871ஆம் ஆண்டில் பிறந்தார். யார்க் நகரின் பெரிய கொக்கோத் தொழிற்சாலை அவருடைய குடும்பத்துக்கு உரியது. மான்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் அவர் வேதியியல் பயின்றார். பின்னர்த் தந்தையின் தொழிற்சாலையில் பணியில் அமர்ந்தார். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமையில் முதியோர் பள்ளியில் தொழிலாளருக்குப் பாடம் கற்பித்தார். அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று உரையாடும் பழக்கமும் அவருக்கு உண்டு. ஒருபுறம் அளந்தும் நிறுத்தும் பார்க்கும் வேதியியலறிவு. மறுபுறம் உழைப்பாளரின் வாழ்க்கையை நேரிற் கண்ட பழக்கம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தது நல்வாய்ப்பாக அமைந்தது.

1899ஆம் ஆண்டில் ரவுண்ட்ரீயின் ஆராய்ச்சி தொடங்கியது. பூத் பெரும்பாலும் பிறரிடம் கேட்டறிந்தார். ரவுண்ட்ரீயோ குடும்பங்களின் வாயிலுக்கே ஆள் அனுப்பினார். மேலும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வீடுகளைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பது அவருக்கு மனநிறைவு தரவில்லை. நகரில் கூலிக்கு உழைக்கும் குடும்பங்கள் அனைத்தையும் காண வேண்டும் என்று உறுதி செய்துகொண்டார். 388 தெருக்களில் 11,560 குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோர் 46,754 பேர். வீட்டில் எத்தனை அறைகள், வாடகை எவ்வளவு, குடியிருப்போர் எத்தனை பேர், அவர்களுடைய வயது என்ன, தொழில் என்ன, தண்ணீர்க் குழாயை எத்தனை குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பன போன்ற செய்திகள் குறிப்பேடுகளில் ஏறின. கூலி விவரத்தைப் பல இடங்களில் தொழிற்சாலைகளின் வாயிலாகவே அறிந்து சரிபார்த்தனர். முன்பின் அறியாதவர் கதவைத் தட்டி வருவாய் என்ன என்று கேட்டால் எவருக்குத்தான் பேச மனம் வரும்! அதற்குப் பொறுமையும் இன்சொல்லும் வேண்டியிருந்தன.

தகவல்கள் குவிந்தபின் ஒரு கடினமான கேள்வி எழுந்தது. வறியவர் என்று எவரைச் சொல்வது? கிழிந்த ஆடை உடுத்தவரையா? அழுக்கான வீட்டில் இருப்பவரையா? பார்ப்பவரின் கண்ணுக்குத் தக்கபடி இது மாறுமன்றோ? மறுக்கவொண்ணாத அளவுகோல் ஒன்று வேண்டும். இவ்விடத்தில் அவருடைய வேதியியலறிவு கைகொடுத்தது.

மனித உடல் ஓர் இயந்திரத்தைப் போல உணவை எரித்து ஆற்றலாக்கிக்கொள்கிறது. அந்த ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடும் முறையை அமெரிக்க அறிஞர் அட்வாட்டர் முதலியோர் அக்காலத்தில் வளர்த்து வந்தனர். மிதமான உழைப்பில் ஈடுபட்ட ஓர் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 3,500 கலோரி தேவை என்பதை ரவுண்ட்ரீ எடுத்துக்கொண்டார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்குத் தக்கவாறு குறைத்துக் கணக்கிட்டார். அந்த அளவு ஆற்றலை மிகக் குறைந்த விலையில் தரும் உணவு எது என்று பார்த்தார். ஏழையர் விடுதியில் வழங்கப்பட்ட உணவுப் பட்டியலையே முன்மாதிரியாகக் கொண்டு, அதிலிருந்தும் இறைச்சியை நீக்கினார். ரொட்டி, கஞ்சி, பால், பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு போன்றவையே எஞ்சின.

அக்காலத்து ஆங்கில நாணய முறையில் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். தாய், தந்தை, பிள்ளைகள் மூவர் என ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு வாரம் ஒன்றுக்கு உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், உடை, விளக்கு, எரிபொருள் முதலியவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ் என்று அவர் வகுத்தார். மொத்தம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். இதற்குக் கீழே வருவாய் உள்ள குடும்பம், எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும் உடல் நலத்தைக் காத்துக்கொள்ள இயலாது. வறுமைக் கோடு என்று இன்று வழங்குவது இத்தகைய எல்லையையே ஆகும்.

அக்கோட்டின் மேல் நிற்கும் குடும்பத்தின் வாழ்வு எத்தகையது? அதையும் ரவுண்ட்ரீ மறைக்காமல் எழுதினார். அக்குடும்பத்தினர் வண்டிக்குக் காசு கொடுக்கலாகாது. எங்குச் செல்லினும் நடந்தே செல்ல வேண்டும். செய்தித்தாள் வாங்கலாகாது. வெளியூரில் உள்ள மகனுக்குத் தாய் ஒரு கடிதம் எழுதினால் அஞ்சல் வில்லைக்குப் பணம் இராது. பிள்ளைகளுக்கு ஒரு பொம்மையோ ஒரு மிட்டாயோ கிடையாது. தந்தை புகை பிடிக்கலாகாது. ஒருநாள்கூட வேலைக்குச் செல்லாமல் இருக்கலாகாது. இவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் அச்செலவு உணவிலிருந்தே வர வேண்டும். இவ்வளவு கடுமையான கோட்டை அவர் வேண்டுமென்றே வரைந்தார். தாராளமாக வரைந்திருந்தால், கணக்கை மிகைப்படுத்திவிட்டார் என்று எதிர்ப்போர் எளிதில் தள்ளியிருப்பர்.

இத்தகைய கணக்கு இந்தியாவுக்குப் புதியதன்று. ரவுண்ட்ரீக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, 1876இல், தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமையைக் குறித்து ஓர் ஆய்வுரை படித்தார். கடல் கடந்து செல்லும் கூலிகளுக்கு வழங்கப்பட்ட உணவின் அளவையும், சிறையில் கைதிகளுக்கு ஆகும் செலவையும் கொண்டு, உயிர் வாழ எவ்வளவு வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். நாட்டு மக்களின் சராசரி வருவாய் ஒரு கைதியின் பராமரிப்புச் செலவுக்கும் ஈடாகவில்லை என்று அவர் காட்டியது ஆட்சியாளருக்குச் சுவைக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1962இல் ஓர் அறிஞர் குழு, ஆளொன்றுக்கு மாதம் 20 ரூபாய் குறைந்த அளவுத் தேவை என்று வகுத்தது. 1971இல் தாண்டேகர், ரத் என்னும் பொருளியலறிஞர் இருவரும் கலோரிக் கணக்கைக் கொண்டே இந்திய வறுமையை அளந்தனர்.

யார்க் நகரின் கணக்கு 1901ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. நகரில் 20,302 பேர், அஃதாவது மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர், வறுமையில் வாழ்ந்தனர். இலண்டனுக்கும் யார்க்குக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. பெருநகரத்துக்கு மட்டும் உரிய நோய் என்று தேற்றிக்கொண்டோருக்கு அந்த ஆறுதலும் போயிற்று.

வறுமையை ரவுண்ட்ரீ இருவகையாகப் பிரித்தார். ஒரு பென்னியையும் வீணாக்காமல் செலவிட்டாலும் வருவாய் போதாதது முதல்நிலை வறுமை. வருவாய் போதுமாயினும் அதில் ஒரு பகுதி வேறு வழியில் செலவாகிவிடுவதால் நேர்வது இரண்டாம்நிலை வறுமை. முதல்வகையில் 7,230 பேரும் இரண்டாம் வகையில் 13,072 பேரும் இருந்தனர். இரண்டாம் வகையைக் கண்டறிய அவருடைய ஆட்கள் வீட்டின் தோற்றத்தையும் பிள்ளைகளின் முகவாட்டத்தையும் பார்த்து முடிவு செய்தனர். இஃது அவ்வாராய்ச்சியின் மெலிந்த பகுதி என்றே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ரவுண்ட்ரீயே அம்முறையைக் கைவிட்டார். ஆனால் முதல்வகைக் கணக்கு அசைக்க முடியாததாக இருந்தது.

முதல்நிலை வறுமைக்குக் காரணம் என்ன? நூல் முழுவதிலும் மிக முதன்மையான பகுதி இதுவே. அவ்வறுமையில் இருந்தோருள் நூற்றுக்கு 52 பேரின் குடும்பத் தலைவர்கள் நாள் தவறாமல் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் பெற்ற கூலிதான் போதவில்லை. நூற்றுக்கு 22 பேருக்குக் குடும்பம் பெரிதாக இருந்ததே காரணம். ஏறக்குறைய 16 பேருக்கு உழைத்துக் காத்தவரின் சாவும், 5 பேருக்கு அவருடைய நோய் அல்லது முதுமையும் காரணம். முற்றும் வேலையின்றி இருந்தமையால் வறுமையுற்றோர் நூற்றுக்கு இருவருக்குச் சற்றே மேற்பட்டவர். யார்க் நகரில் திறன் பெறாத கூலியாளுக்கு வாரத்துக்கு 18 முதல் 21 ஷில்லிங் வரையே கிடைத்தது. கோடோ 21 ஷில்லிங் 8 பென்ஸில் நின்றது. சோம்பலே வறுமைக்கு வேர் என்று நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லி வந்தவர்கள் இந்த எண்களுக்கு முன் வாயடைத்து நின்றனர்.

மற்றோர் உண்மையும் அக்கணக்கிலிருந்து வெளிப்பட்டது. ஒரு கூலியாளின் வாழ்வை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது தந்தையின் கூலி ஐந்தாறு வயிறுகளுக்குப் போதவில்லை, அரைவயிற்றோடு வளர்ந்தான். பதினான்கு வயதில் அவனும் வேலைக்குச் சென்றான்; வீட்டில் சற்றே வளம் வந்தது. மணம் செய்துகொண்ட தொடக்கத்தில் இருவர் உணவுக்குக் கூலி போதுமாயிற்று. பிள்ளைகள் இரண்டு, மூன்று எனப் பிறந்தபின் மறுபடியும் கோட்டுக்குக் கீழே விழுந்தான். பிள்ளைகள் தலையெடுத்துச் சம்பாதித்தபோது எழுந்தான். அவர்கள் தத்தம் குடும்பத்தோடு பிரிந்து செல்ல, இவன் கைகால் தளர்ந்து வேலை இழந்தபோது மூன்றாம் முறையாக விழுந்தான், பிறகு எழவில்லை. பிள்ளைப் பருவம், பிள்ளை பெற்ற பருவம், முதுமைப் பருவம் ஆகிய மூன்றிலும் வறுமை கூலியாளனைக் காத்திருந்து பற்றியது. ஆதலின், ஒரு நாளில் எடுத்த கணக்கில் கோட்டுக்கு மேலே தோன்றியவர்களுள்ளும் பலர் முன்னொரு காலத்தில் கீழே இருந்தவர். அல்லது இனிமேல் கீழே வரப்போகிறவர்.

இச்சுழற்சியில் மிகக் கொடிய செய்தி தாய்மாரைப் பற்றியது. ஒரு பெண் பிள்ளை பெறும் ஆண்டுகளும் குடும்பம் மிக வறிய ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்தன. தாய்க்கு உணவு மிகுதியாக வேண்டிய காலத்தில் அவளுக்கு எஞ்சியது மிகக் குறைவு. மிக வறிய பகுதியில் பிறந்த குழந்தைகள் ஆயிரவருள் 247 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். வேலையாள் வைத்து வாழ்ந்த குடும்பங்களில் இறந்தோர் ஆயிரவருக்கு 94 பேர். பதின்மூன்று வயதுச் சிறுவரை அளந்து பார்த்தபோது, தொழிலாளர் குடும்பங்களுக்குள்ளேயே மிக வறிய வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியாக மூன்றரை அங்குலம் குட்டையாக இருந்தனர்.

நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. தனியார் அறச்சங்கங்களின் சார்பில் எழுதிய ஹெலன் பொசன்கெட் அம்மையார், கலோரிக் கணக்கு நம்பத்தக்கதன்று என்றும், வறுமையின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்றும் வாதிட்டார். ரவுண்ட்ரீ ஒவ்வொரு தடைக்கும் தம் எண்களைக் கொண்டே விடை அளித்தார். அந்நாளில் பாராளுமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்நூலைப் படித்து மனம் கலங்கினார்; மேடையிலும் அதை எடுத்துப் பேசினார்.

எனினும் ஒரு நூல் தானாகவே சட்டமாகிவிடுவதில்லை. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் படையில் சேர வந்த இளைஞருள் பெருந்தொகையினர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆட்சியாளரை இஃது அச்சுறுத்தியது. இதனை ஆராய்ந்த அரசுக் குழு 1904இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்றது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றிருந்தன; தொழிலாளர் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் நுழைந்தனர். இத்தனையும் ஒன்றுகூடியபோது, எதைச் செய்வது, யாருக்குச் செய்வது என்று கேட்டவர்களின் கையில் பூத்தும் ரவுண்ட்ரீயும் எடுத்த கணக்கு ஆயத்தமாக இருந்தது.

வறுமை பற்றும் பருவங்களை நோக்கியே சட்டங்கள் பிறந்தன. 1906ஆம் ஆண்டுச் சட்டம், உணவின்றி வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு வழங்க ஊராட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்தது. 1909இல் தையல், பெட்டி செய்தல், சங்கிலி செய்தல், சரிகைப் பின்னல் ஆகிய நான்கு தொழில்களில் குறைந்த அளவுக் கூலியை வகுக்கக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் சர்ச்சிலே ஆவார்.

இவற்றுள் முதியோரின் நெஞ்சைத் தொட்டது 1908ஆம் ஆண்டின் முதுமை உதவிச் சட்டம். இதற்கு வித்திட்டவர் பூத். ஏழையர் விடுதிகளில் இருந்தோரின் வரலாற்றை ஆராய்ந்தபோது, அவர்களை அங்கே கொண்டு வந்து சேர்த்த காரணங்களுள் முதுமை முன்னணியில் நிற்பதை அவர் கண்டார். வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் இறுதியில் விடுதியின் வாயிலில் நிற்பது முறையா என்று கேட்டு, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் வாரம் 5 ஷில்லிங் அளிக்கலாம் என்று 1891 முதல் வற்புறுத்தி வந்தார். சட்டம் செய்தோர் தொகையை ஏற்றுக்கொண்டனர். வயதை எழுபதாக உயர்த்திவிட்டனர். வருவாய் குறைந்தோருக்கு மட்டுமே என்றும் வரையறுத்தனர். 1909ஆம் ஆண்டின் முதல் நாளில் முதியோர் அஞ்சல் நிலையங்களுக்குச் சென்று பணம் பெற்றனர். மூன்று மாதங்களுக்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வுதவியைப் பெறலாயினர். அவர்களுள் பெண்களே மிகுதி. ஏழையர் விடுதிக்குச் செல்வதில் இருந்த இழிவு அஞ்சல் நிலையத்துக்குச் செல்வதில் இல்லை.

ரவுண்ட்ரீ ஒருமுறை கணக்கெடுத்ததோடு நின்றவரல்லர். 1936இல் அதே நகரில் மறுபடியும் கணக்கெடுத்தார். 1899இன் கடுமையான கோட்டால் அளந்தபோது, தொழிலாளருள் முதல்நிலை வறுமையில் இருந்தோர் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் என்பதிலிருந்து 7 பேருக்குள் குறைந்திருந்தனர். ஆனால் மனிதர் உண்டு உயிர்த்திருந்தால் மட்டும் போதுமா என்ற எண்ணம் இப்போது அவருக்கு எழுந்தது. ஒரு செய்தித்தாள், ஒரு வானொலி, பிள்ளைக்கு ஒரு சிறு பரிசு ஆகியவற்றுக்கும் இடம் தந்து கோட்டை உயர்த்தினார். அவ்வாறு அளந்தபோது நூற்றுக்கு 31 பேர் கீழே இருந்தனர். குறைந்த கூலி, வேலையின்மை, முதுமை ஆகியனவே இம்முறை பெருங்காரணங்கள்.

இந்த எண்கள் வீண்போகவில்லை. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், வில்லியம் பெவரிட்ஜ் அளித்த புகழ்பெற்ற அறிக்கையில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று கணக்கிட்ட குழுவில் ரவுண்ட்ரீயும் இருந்தார். அதே காலத்தில் எலினர் ராத்போன் என்னும் அம்மையார் மற்றொரு கோரிக்கைக்காகப் போராடி வந்தார். லிவர்ப்பூல் துறைமுகக் கூலிகளின் நிலையை 1904இலேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். கூலி என்பது உழைப்புக்குத் தக்கது. வீட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கதன்று. ஆதலின் பிள்ளைகளுக்கென்று அரசு தனியே பணம் தர வேண்டும் என்பது அவருடைய வாதம். 1945இல் குடும்ப உதவிச் சட்டம் நிறைவேறியது. மசோதாவில் பணம் தந்தைக்கு உரியது என்று எழுதப்பட்டிருந்தது. அம்மையார் கடுமையாக எதிர்த்தார். பணம் தாயின் கையிலேயே சேர வேண்டும் என்று மாற்றப்பட்டது. ஆனால் சிக்கனம் கருதி முதல் பிள்ளையை விலக்கிவிட்டனர். இரண்டாம் பிள்ளை முதற்கொண்டே வாரம் 5 ஷில்லிங் கிடைத்தது. அப்பணம் வழங்கத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1946இல், அம்மையார் காலமானார்.

1950இல் ரவுண்ட்ரீ மூன்றாம் முறையாக யார்க் நகரைக் கணக்கெடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. தொழிலாளருள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவரே வறியவர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் முதியோர் என்றும் அவருடைய நூல் கூறிற்று. நாடு மகிழ்ந்தது; வறுமை ஒழிந்தது என்று பலர் நம்பினர். செய்தித்தாள்களும் அரசியல்வாதிகளும் வேறு பேச்சுக்குச் சென்றனர். ரவுண்ட்ரீ 1954இல் மறைந்தார்.

ஆனால் கணக்கில் பிழை இருந்தது. அவ்வாராய்ச்சியின் மூலத் தாள்கள் அழியாமல் இருந்தன. பிற்காலப் பொருளியலறிஞர்கள் அவற்றை எடுத்து மறுபடியும் கணக்கிட்டு, உண்மையான வறுமை அச்சிடப்பட்ட எண்ணைவிட மிகுதி என்று கண்டனர். அதற்கும் முன்பே, பீட்டர் டவுன்செண்ட் என்னும் இளம் ஆராய்ச்சியாளருக்கு ஐயம் எழுந்திருந்தது. ரொட்டியையும் கஞ்சியையும் கொண்டு வரைந்த பழைய கோடு காலத்துக்கு ஏற்றதா என்று அவர் கேட்டார். சுற்றியுள்ளோர் அனைவரும் வாழும் முறையில் ஒருவர் வாழ இயலாமற் போனால் அதுவும் வறுமையே என்பது அவருடைய கருத்து. அவரும் பிரையன் ஏபெல்-ஸ்மித்தும் அரசு திரட்டிய குடும்பச் செலவுக் கணக்குகளை ஆராய்ந்தனர். 1960ஆம் ஆண்டில் பிரிட்டன் மக்களுள் நூற்றுக்கு 14 பேர், ஏறக்குறைய எழுபத்தைந்து இலட்சம் பேர், வறுமையிலோ அதன் விளிம்பிலோ இருந்தனர் என்று 1965இல் வெளியிட்டனர். அவர்களுள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். முதியோர் மட்டுமே வறியவர் என்ற நம்பிக்கை இதனால் தகர்ந்தது. தந்தை முழு நேரமும் வேலை பார்க்கும் வீடுகளும் அக்கணக்கில் இடம் பெற்றிருந்தன. 1899இல் ரவுண்ட்ரீ கண்ட அதே காட்சியை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் காண நேர்ந்தது.

அவ்வாண்டிலேயே குழந்தைகளின் வறுமையை நீக்கப் பாடுபடும் சங்கம் ஒன்று தோன்றி, அந்த எண்களை ஏந்தி அமைச்சர்களிடம் சென்றது. சிறு குடும்பமாயினும் கூலி குறைவாக இருந்தால் ஒரே பிள்ளையோடும் வறுமை வரும் என்பதை அச்சங்கத்தினர் விடாமல் எடுத்துரைத்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1975இல், புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. 1977ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல், ஒரே பிள்ளையைப் பெற்ற தாயும் தன் உதவிப் புத்தகத்தோடு அஞ்சல் நிலையத்துக்குச் சென்று பணம் பெற்றாள்.